பின்வாசல் பானை

சாமியைப் பழிவாங்கிய அன்றைக்குத்தான் சாமி இல்லை என்று எனக்குத் தெரிந்தது. இல்லாத ஆளை எப்படிப் பழிவாங்குவாய் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கேலி செய்வார். அவர் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பிட்டர். எதையும் கழற்றிப் பார்க்காமல் ஒத்துக்கொள்ள மாட்டார். அவருக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: இல்லாத ஆளுக்குப் பால் காய்ச்சி நெய் ஊற்றிப் படைக்கலாம் என்றால், இல்லாத ஆளைப் பழிவாங்கவும் செய்யலாம்.

எனக்கு மறதி கிடையாது. மன்னிக்கிற குணமும் கிடையாது. இரண்டையும் ஒரு குறையாக நான் நினைத்ததில்லை. எல்லாரும் மறந்துவிட்டால் யார்தான் ஞாபகம் வைத்திருப்பது?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலுக்கு மூன்று தெரு தள்ளி எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு பஜனை மடம் உண்டு. மடம் என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கூடம், கூடத்தின் கோடியில் திரை போட்ட ஒரு சின்ன மாடத்தில் முழங்கை உயரத்துக்குப் பெருமாள், பக்கச் சுவரில் கம்பி போட்ட ஒரு சன்னல், சன்னலுக்கு வெளியே பெரியப்பாவின் மாட்டுத் தொழுவம். அவ்வளவுதான். அங்கே பூசை செய்வது பெரியப்பா, அதாவது என் அப்பாவின் அண்ணன். மார்கழி முப்பது நாளும் விடியற்காலையில் தெருக்காரர்கள் நாற்பது பேர் கூடிப் பாடுவார்கள். இருபத்தேழாம் நாள் கூடாரவல்லி. அன்றைக்கு அக்காரவடிசில் படைக்க வேண்டும். அந்தப் பானை எங்கள் அம்மாவின் பொறுப்பு.

அக்காரவடிசில் சர்க்கரைப் பொங்கல் மாதிரி இருக்கும், ஆனால் சர்க்கரைப் பொங்கல் இல்லை. பச்சரிசியையும் கைப்பிடி பாசிப்பருப்பையும் வறுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் பாலிலேயே வேக வைக்க வேண்டும். பால் சுண்டச் சுண்ட மேலும் மேலும் ஊற்றி, அரிசி மசிந்து தன் உருவம் மறந்த பிறகுதான் வெல்லப்பாகு. அவசரப்பட்டு வெல்லத்தை முன்னால் போட்டால் அரிசி விறைத்துக்கொள்ளும், பிறகு எத்தனை படி பால் ஊற்றினாலும் வேகாது. அம்மா அடுப்பை விட்டு அசைய மாட்டாள். முடிந்ததும் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு பானையை இடுப்பில் வைத்து முன்வாசல் வழியாகக் கூடத்துக்குள் நுழைவாள். எல்லாரும் ஒதுங்கி வழி விடுவார்கள். படையல் முடிந்ததும் பானை கொண்டு வந்தவளுக்குத்தான் முதல் மரியாதை. பெரியப்பா அவள் கையில் தீர்த்தம் கொடுத்து, பெருமாள் பாதம் பொறித்த வெள்ளிச் சடாரியை முதலில் அவள் தலையில் வைப்பார். அந்த ஒரு நிமிஷத்துக்காக அம்மா வருஷத்தின் மற்ற நாட்களையெல்லாம் சகித்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தோன்றும். எங்கள் வீட்டில் சகிப்பதற்கு நிறையவே இருந்தது.

எனக்குப் பதினாறு வயதில் அப்பா இறந்தார். அந்த வருஷம் துக்கம். அதற்கு அடுத்த மார்கழியில், கூடாரவல்லிக்கு முதல் நாள், பெரியம்மா வந்தார். முன்வாசல் வழியாக இல்லை. எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவும் மடமும் ஒரே சந்தில்தான் இருந்தன. அந்தக் கொல்லைக் கதவைத் தட்டிக்கொண்டு, மடத்து வெண்கலப் பானையோடு வந்தார்.

“நீ செஞ்சு குடுத்துரு. நான் கொண்டு போயிருதேன். நல்ல நாளும் அதுவுமா நீ முன்னால வந்து நின்னா நல்லாருக்காதுன்னு ஒங்க அத்தான் சொல்லுதாக” என்றார். பிறகு குரலைத் தணித்து, “யாரு செஞ்சதுன்னு பெருமாளுக்குத் தெரியாதாக்கும்?” என்றார்.

அம்மா தலையாட்டினாள். தலையாட்டியதுகூடப் பரவாயில்லை. அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது. பானை திரும்பி வந்துவிட்டது, அது போதும் அவளுக்கு. நான் அங்கேயே அந்தப் பானையைப் பிடுங்கித் தெருவில் எறிந்திருக்க வேண்டும். பதினேழு வயதில் அந்த அளவுக்குத் தைரியம் இல்லை.

மூன்று வருஷம் இப்படி நடந்தது. அம்மா சமைப்பாள். பானை பின்வாசல் வழியாகச் சந்துக்குள் இறங்கி, பெரியம்மா இடுப்பில் ஏறி, தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசலில் நுழையும். சமைத்தவள் தொழுவத்துச் சன்னலில் நின்று கம்பிக்கு இடையில் பார்ப்பாள். உள்ளே பெரியம்மா தலையில் சடாரி ஏறும். சாப்பிடுகிறவர்கள் கையை நக்கிக்கொண்டே, “ஒங்க கைப்பக்குவம் யாருக்கு வரும்” என்பார்கள். பெரியம்மா வெட்கப்படுவார். அந்த வெட்கத்தை நான் மூன்று வருஷமும் பார்த்தேன். “எங்க மாமியா சொல்லிக் குடுத்தது” என்று ஒரு பொய்யையும் சேர்த்துக்கொள்வார். வெளியே தொழுவத்தில் மாட்டு மூத்திர ஈரத்தில் நின்றுகொண்டு அம்மா அதைக் கேட்டுச் சிரிப்பாள். “நல்லாருக்குன்னு சொல்லுதாகல்ல, அம்புட்டுதான் வேணும்” என்பாள். எனக்கு அவள் மேலும் கோபம் வரும்.

அந்த நாட்களில் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். படைக்கும்போது திரையை இழுத்து மூடுகிறார்கள். திரைக்குள்ளே பெருமாள் சாப்பிடுகிறார் என்கிறார்கள். சாப்பிட்டவருக்குச் சமைத்தவளைத் தெரியாதா? தெரியும் என்றால் ஏன் வாயைத் திறக்கவில்லை? மூன்று வருஷம் அடுத்தவள் வெட்கப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாரே, இவருக்கு வெட்கம் இல்லையா? பெரியப்பா வீட்டுச் சாப்பாட்டை உண்டுவிட்டு அவருக்குத் தோதாகப் பேசுகிற ஆள் மாதிரிதான் பெருமாளும் எனக்குத் தெரிந்தார்.

மூன்றாவது வருஷம், அம்மா எல்லாம் முடித்துவிட்டுக் குளிக்கப் போன நேரத்தில், பானைக்குள் இரண்டு கை நிறையப் பொடியுப்பைப் போட்டுக் கிளறினேன். திரைக்குள் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் இருந்தால் முதல் வாயிலேயே கத்தட்டும் என்று நினைத்தேன். விளக்கு விழட்டும், மணி அறுந்து விழட்டும், என் நாக்கு அழுகட்டும், எதுவானாலும் சரி. இருக்கிறேன் என்று ஏதாவது ஒரு வகையில் சொல்லட்டும்.

அம்மாவோடு சன்னலில் நின்று பார்த்தேன். திரை மூடியது. திரை திறந்தது. பெருமாள் எப்போதும் போலச் சிரித்துக்கொண்டிருந்தார். பெரியம்மா தலையில் சடாரி ஏறியது. பிறகு எல்லாருக்கும் வாழையிலைத் துண்டில் பிரசாதம் வைத்தார்கள்.

எங்களவர்கள் பிரசாதத்தைத் துப்பக் கூடாது. ஒரு பருக்கை கீழே விழுந்தால்கூட எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். குறை சொல்வது மகாபாவம். இதை நான் யோசித்துச் செய்யவில்லை, ஆனால் அந்த இரண்டு கை உப்பு இந்த ஒரு வழக்கத்தில்தான் வசமாகப் போய்ச் சிக்கியது. பெரியப்பா முதல் வாய் வைத்தார். வாய் நின்றது. கண்ணில் தண்ணீர் கோத்தது. விழுங்கினார். பக்கத்தில் இருந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “பெருமாளப் பாத்ததும் பெரியவுகளுக்குக் கண்ணு கலங்கிருச்சு” என்றார். பிறகு அவரும் ஒரு வாய் வைத்தார். அவருக்கும் கலங்கியது. ஒருவர் பின் ஒருவராக நாற்பது பேரும், முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, மென்று விழுங்கினார்கள். பல் போன ஒரு கிழவர் கடைசியில் கையைத் தலைக்கு மேல் தூக்கி, “அமிர்தம்” என்றார். எல்லாரும் “அமிர்தம், அமிர்தம்” என்றார்கள்.

அந்த ஒரு வார்த்தையோடு எனக்குச் சாமி முடிந்துவிட்டது. பெருமாள் சும்மா இருந்ததைக்கூட மன்னித்திருப்பேன். உப்பு என்று ஒரு மனுஷன் வாயைத் திறந்து சொல்லவில்லை பாருங்கள், இவர்கள் சொல்லித்தானே நான் அவரை நம்பினேன்? வாயில் இருப்பதையே மறைத்துச் சொல்கிறவர்கள் திரைக்குள் இருப்பதை எப்படி உண்மையாகச் சொல்வார்கள்?

நாங்கள் வீடு திரும்பிய பத்தே நிமிஷத்தில் பெரியம்மா பானையோடு பின்வாசலில் வந்து நின்றார். “வயித்தெரிச்சல பானையில கொட்டிட்டியேடி” என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினார். அம்மா பானையில் விரல் விட்டு நாக்கில் வைத்தாள். என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். “கை தவறிருச்சுக்கா. கண்ணு சரியா தெரியல” என்றாள். அம்மாவுக்கு அப்போது வயது நாற்பத்தாறு. நெல்லில் கிடக்கும் கல்லைத் தூரத்திலிருந்து பார்த்துச் சொல்வாள்.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அடுத்த வருஷம் கூடாரவல்லிக்கு முதல் நாள், அம்மா அடுப்பை மெழுகி, அரிசியைப் புடைத்து வைத்து, கொல்லைக் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தாள். பெரியம்மா வரவில்லை. மறுநாள் காலையும் உட்கார்ந்திருந்தாள். மடத்தில் மணி அடித்தது. அவள் எழுந்து புடைத்த அரிசியைப் பானையில் கொட்டி, எங்களுக்குச் சாதம் வடித்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சாமிக்கு வைத்த குறி அம்மா மேல் விழுந்தது. அதற்கும் சேர்த்துப் பெரியப்பா குடும்பத்தின் மேல்தான் கோபத்தைத் திருப்பினேன், வேறு எங்கே திருப்புவது?

கல்யாணமாகி ராஜபாளையம் வந்தேன். பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. விளக்கு வெளிச்சத்தில் துணியை ஓட விட்டு, நூல் விட்ட இடம், கறை பட்ட இடம் கண்டுபிடிக்க வேண்டும். குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள், இதைவிட எனக்குப் பொருத்தமான வேலை கிடையாது. பிறகு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தேன். என் வீட்டில் சாமி படம் கிடையாது. அம்மா மட்டும் அடுப்படி அலமாரியில் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒரு சின்னப் படம் வைத்திருந்தாள். கண்டுகொள்ளாமல் விட்டேன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆசை வராமல் இல்லை. ஆடிப்பூரத்துக்கு அம்மாவைத் தேர் பார்க்கக் கூட்டிப் போனபோது, வடம் இறுகி அந்தப் பெரிய தேர் ஒரு குலுங்குக் குலுங்கி நகர்ந்த நேரத்தில், என் இரண்டு கையும் தானாகவே மேலே போயின. பாதியில் சுதாரித்துக் கொண்டையைச் சரிசெய்வது போல வைத்துக்கொண்டேன். மகனுக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மார்கழிப் பாட்டு வாய்க்குள் ஓடியது. பல்லால் நாக்கைக் கடித்தேன். பையன் பிழைத்தான். டாக்டருக்கு நன்றி சொன்னேன். பெருமாளுக்குச் சொல்லவில்லை. சொல்லாதது உறுத்தியது. உறுத்தியதற்காக மறுபடி கோபம் வந்தது. திரும்பிப் போகலாமா என்று யோசிக்கும்போதெல்லாம் அந்தத் தொழுவத்துச் சன்னல் ஞாபகத்துக்கு வரும். அங்கே என் அம்மாவை நிறுத்திய ஆளிடமா போவது?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெரியப்பா போய்ச் சேர்ந்தார். நான் சாவுக்குப் போகவில்லை. போன மார்கழி நடுவில் ஒரு நாள் மத்தியானம், ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால், பெரியம்மா உட்கார்ந்திருக்கிறார். வெறும் கழுத்து, வெறும் நெற்றி. எழுபத்தைந்து வயதில் தனியாகப் பஸ் ஏறி வந்திருக்கிறார். அம்மா எதிரே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். துக்க வருஷம் முடிந்து, அந்த மார்கழியில் பெரியம்மா எப்போதும் போல முன்வரிசையில் போய் உட்கார்ந்திருக்கிறார். பூசையை இப்போது நடத்துவது அவருடைய ஒரே மகன், எனக்கு அண்ணன். “நல்ல நாளும் அதுவுமா நீங்க முன்னால வந்து நின்னா நல்லாருக்காதும்மா, வெளிய நில்லுங்க” என்று சொல்லிவிட்டார். அவர் அப்பா எங்களுக்குச் சொல்லி அனுப்பியதை அப்படியே சொன்னார், வேறு வார்த்தை தேடவில்லை.

பெரியம்மா அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார், “நீ எந்த எடத்துல நிப்ப? எங்கன நின்னா சாமி தெரியும்?”

எனக்கு இனித்தது. வேறு வார்த்தை போட்டு மூட விரும்பவில்லை, இனித்தது. இத்தனை வருஷம் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் போல. “தொழுவத்துப் பக்கம் சன்னல் இருக்குல்ல பெரியம்மா, அங்கன நில்லுங்க. மூத்திர வாடை அடிக்கும். முப்பது வருசத்துல பழகிரும்” என்றேன்.

அம்மா என்னை முறைத்தாள். பிறகு பெரியம்மாவிடம் திரும்பி, ஊருக்கு வழி சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னாள்: “எடது ஓரமா நில்லுங்கக்கா. ரெண்டாவது கம்பிக்கும் மூணாவது கம்பிக்கும் நடுவுல பாக்கணும். திரை தெறக்கையில பாதி மொகம்தான் தெரியும். தீபம் காட்டையில செத்த குனிஞ்சா முழுசாத் தெரியும்.”

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழட்டும் என்று நான் காபி போடப் போனேன். அடுப்படியில் நிற்கும்போது அவர் குரல் கேட்டது. “அன்னைக்கு நீ உப்பப் போட்டப்ப நான் பேசுன பேச்சு இருக்கே…” நான் வெளியே வந்து, “உப்பப் போட்டது நான்” என்றேன். பெரியம்மா நிமிர்ந்து பார்த்தார். அம்மா நிமிரவே இல்லை. “அது எனக்கு அன்னைக்கே தெரியும். காபியக் கொண்டா” என்றாள்.

காபி குடித்து முடித்ததும் பெரியம்மா, வந்த காரியத்தைச் சொன்னார். இந்தக் கூடாரவல்லிக்கு அம்மா வந்து சமைக்க வேண்டும். “இந்தத் தடவ பின்வாசல் கெடையாது. நீயே எடுத்துட்டு முன்வாசல்ல வா. நானும் ஒங்கூட வாரேன். என்னதான் சொல்லுதாம்னு பாத்துருவோம்.” அவருக்கும் பழி தீர்க்க ஓர் ஆள் கிடைத்துவிட்டதைக் கண்ணில் பார்த்தேன். முதல் தடவையாக அவரை எனக்குப் பிடித்தது.

அம்மாதான் தயங்கினாள். “ஆச இல்லாம இல்லக்கா. கண்ணு மூடுறதுக்குள்ள ஒரு தடவ எங் கையால கொண்டு போயி முன்னால வைக்கணும்னு இருக்கு. சாமி கோவிச்சுக்கிருமோன்னு பயமாருக்கு.”

இருபத்தைந்து வருஷமாக அதே வீட்டில் சாமி இல்லை என்று சொல்லிவந்த நான், அன்று ராத்திரி சாப்பாடு வரைக்கும் சாமி கோபித்துக்கொள்ள மாட்டார் என்று அம்மாவிடம் வாதாடினேன். அவர் நல்லவர், எல்லாம் தெரிந்தவர், அவருக்கு விதவை சுமங்கலி என்று கிடையாது என்றெல்லாம் பேசினேன். என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்தபடியே என்னை அதிசயமாகப் பார்த்தார். பெரியப்பா மகனின் முகம் அந்த வாசலில் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும், அதற்காக நான் இல்லாத சாமிக்கு வக்கீலாகவும் தயார். கடைசியில் அம்மா சரி என்றாள்.

முதல் நாளே போய்ப் பெரியம்மா வீட்டில் தங்கினோம். பானைப் பொறுப்பை அந்த வருஷம் தானே பார்த்துக்கொள்வதாகப் பெரியம்மா மருமகளிடம் சொல்லிவிட்டதால் வேறு யாரும் எதுவும் செய்யவில்லை. விடிவதற்கு முன்னால் அம்மா அடுப்பில் பாலை ஏற்றினாள். எழுபத்திரண்டு வயதில் ஒரு இடத்தில் அரைமணி நேரம் நிற்க முடியாதவள், அன்றைக்கு இரண்டரை மணி நேரம் நின்றாள். பெரியம்மா பருப்பை வறுத்தார். “செவக்க விடாதீங்க, வாசம் வந்ததும் எறக்குங்க” என்று அம்மா அதட்டினாள். இத்தனை வருஷம் பேர் வாங்கியவருக்குப் பருப்பு வறுக்கத் தெரியவில்லை. அதையும் நான் ரசித்தேன்.

மூன்று பேரும் மடத்துக்கு நடந்தோம். பானை அம்மா இடுப்பில். நான் வாங்கிக்கொள்கிறேன் என்றதற்குக் கொடுக்கவில்லை. கூடம் நிறைய ஆட்கள். பாட்டு பாதியில் போய்க்கொண்டிருந்தது. முன்வாசல் படியில் எங்களைப் பார்த்துவிட்டு அண்ணன் உள்ளேயிருந்து எழுந்து வந்தார். பெரிய நாமம், பட்டுக்கரை வேட்டி, கையில் சடாரி. பாட்டு ஒவ்வொரு குரலாகக் குறைந்து நின்றது.

“சித்தி, வாங்க” என்றார். மரியாதையில் குறையே இல்லை. “பானைய இப்பிடி வைங்க. நீங்க ரெண்டு பேரும் சன்னல் பக்கம் போயிருங்க. அங்கன நாற்காலி போடச் சொல்லுதேன்.”

“எங்க அம்மாதான் கொண்டு வந்து வைப்பாக” என்றேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “சண்டைக்குன்னே வந்துருக்க போல. சரி, பானைய நீ எடுத்துட்டு வா. நீ இந்த வீட்டுப் பிள்ளை. ஒனக்கே மொத மரியாதை பண்ணுதேன், போதுமா?”

“எனக்குச் சாமியே கெடையாதுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்.”

“அதனால என்ன? நெத்தியில பொட்டு இருக்குல்ல” என்றார்.

அம்மா பானையைப் படியில் இறக்கி வைத்துவிட்டாள். எனக்கு அது பொறுக்கவில்லை. அவ்வளவு தூரம் சுமந்து வந்தவள், அந்தப் பையன் சொன்ன ஒரு வார்த்தைக்கு இறக்கி வைத்துவிட்டாள். “உள்ள கொண்டு போடி. ஆறிரும்” என்றாள். “நீ கொண்டு போனா என்ன, நான் கொண்டு போனா என்ன.”

நான் உள்ளே பார்த்தேன். விளக்கெல்லாம் ஏற்றி, துளசி வாசனையும் கற்பூர வாசனையுமாக இருந்தது. பாட்டு நின்ற இடத்துக்கு அடுத்த அடி என் நாக்கில் தயாராக இருந்தது. உள்ளே போக எனக்கு ஆசையாக இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். இரண்டு எட்டு வைத்தால் போதும், சடாரி தலையில் ஏறும், இத்தனை வருஷச் சண்டையும் முடியும். அந்த வாசலில் நின்ற மூன்று பெண்களில் இருவர் அவரே கதி என்று கிடந்தவர்கள். ஒருத்தி அவரைப் பொய் என்று சொல்கிறவள். அந்த ஒருத்தியைத்தான் உள்ளே கூப்பிடுகிறார்கள். அம்மா சமைத்ததற்கு நான் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டால், பெரியம்மாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

முந்தானையை எடுத்து நெற்றியை அழுத்தித் துடைத்தேன். பொட்டு, வகிட்டுக் குங்குமம் எல்லாம். துணியில் சிவப்பாக வந்ததை அண்ணனுக்கு விரித்துக் காட்டினேன். “பொட்டுதான ஒனக்கு வேணும்? இந்தா. இப்ப மூணு பேரும் ஒண்ணுதான். மூணு பேரையும் வெளிய நிறுத்து. இன்னைக்கு ஒன் சாமிக்குப் படையல் கெடையாது.”

கூடத்தில் ஒரு பெண் “அய்யோ” என்று அலறினாள். அண்ணன் ஒரு எட்டுப் பின்னால் போனார். அந்த முகம், அதைப் பார்க்கத்தான் நான் வந்தேன். வெளிறி, வாய் திறந்து, கையில் இருக்கும் வெள்ளியை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். அந்தச் சுகம் எனக்கு முழுசாக ஒரு மூச்சு நேரம்தான் கிடைத்தது.

கன்னத்தில் பளீரென்று விழுந்தது. அம்மா. என் நாற்பத்தைந்து வயதில், தெருவே பார்க்க, அறைந்தாள். அப்பா செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி நடுங்கி நான் பார்த்ததில்லை. “பாவி! புருசன் உசுரோட இருக்கையில செய்யுற வேலையாடி இது?” என்றாள். குனிந்தாள். பானையைத் தூக்கினாள். அண்ணன் வாசலில் நிற்கிறார் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. தோளால் அவரை ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள். உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கி வழி விட்டார்கள்.

பெருமாள் முன்னால் பானையை டங்கென்று வைத்தாள். திரை மூடவில்லை, மந்திரம் சொல்லவில்லை, கும்பிடவும் இல்லை. விரலை நீட்டிக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கப் பேசினாள்.

“அவ கிறுக்கச்சி. செஞ்சது அவ, அவ புருசன் இல்ல. அந்தப் பிள்ள மேல ஒரு தூசி விழுந்துச்சு, நல்லாருக்காது, சொல்லிட்டேன். எம் புருசன எடுத்த. நான் ஒண்ணும் கேக்கல. தொழுவத்துல நிறுத்துன. நின்னேன். எம் பானையப் பிடுங்குன. பேசாம இருந்தேன். இவ புருசன மட்டும் தொட்டுப் பாரு. பொறவு நீ யாரோ நான் யாரோ.”

பெரியம்மா என்னைத் தாண்டி உள்ளே போய், அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று, அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் மெதுவாக வந்து தீர்த்தம் கொடுத்தார். அம்மா கையை நீட்டினாள். சடாரியை அவள் தலையில் வைத்ததை வாசலில் இருந்தே பார்த்தேன். அம்மா அதைக் கவனிக்கவில்லை. அவள் இன்னும் பெருமாளைத்தான் முறைத்துக்கொண்டிருந்தாள்.

நான் படி ஏறவில்லை. கன்னம் எரிந்தது. இந்தக் கோபம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அவளை இத்தனை வருஷம் வாயில்லாப் பூச்சி என்று நினைத்திருந்தேன். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. கோபம் வந்தால் நேரே போய் விரலை நீட்டிக் கேட்க அவளுக்கு ஓர் ஆள் இருக்கிறார். எனக்குக் கிடைத்ததெல்லாம் அந்த அண்ணன்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் இடுப்பில் செருகியிருந்த காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். மடத்துத் தட்டிலிருந்து அள்ளி வந்த குங்குமம். என் தாடையைப் பிடித்துத் திருப்பி, நெற்றியில் கட்டை விரலால் அழுத்தி வைத்தாள். வகிட்டிலும் இழுத்தாள். முப்பது வருஷமாகக் குங்குமத்தைத் தொடாதவள், யாருக்காவது நல்லது நடந்தால் நாலடி தள்ளி நின்றே வாழ்த்தியவள். எதிர் சீட்டுப் பெண், அம்மாவின் வெறும் நெற்றியையும் சிவந்த விரலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்ன பாக்க? எம் மகளுக்கு நான் வைக்கேன்” என்றாள் அம்மா.

நான் துடைக்கவில்லை. அதைப் பக்தி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.